1080 டிஐ கார்டைப் பிரித்துவிட்டேன்: ஒரு மெமரி இடம் காலி, போர்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இது சரிதானா?

காவிரிக்கரை கேமர்

வணக்கம். என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது. மூன்று ஃபேன் வைத்த பெரிய மாடல். கேம் ஆடும்போது சிப் 83 டிகிரி, ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சூடான இடம்) 109. ரூம் 33 இருக்கும், திருச்சி வெயில் தெரியுமே. ஃபேனை முழு வேகத்தில் விட்டும் இறங்கவில்லை. தூசியாக இருக்கும் என்று ப்ளோயர் அடித்துப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, அதனால் துணிந்து பிரித்துவிட்டேன்.

கழற்றியது சுலபமாகத்தான் இருந்தது. பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூ, அப்புறம் சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்க்ரூ. சூட்டை எடுக்கும் உலோகக் கட்டியான ஹீட்ஸிங்க் மட்டும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டி, மெதுவாக இடம் வலமாகத் திருகியதும் விட்டது. உள்ளே பார்த்ததில் எழுந்த சந்தேகங்கள்:

சிப்பின் நடுவில் சூடு கடத்தும் பேஸ்ட்டே இல்லை, கண்ணாடி மாதிரி தெரிகிறது. ஓரங்களில் மட்டும் காய்ந்து திரண்டிருக்கிறது. மெமரி சிப்களைச் சுற்றி போர்டு எண்ணெய் பூசியதுபோல ஈரமாக இருக்கிறது. கெப்பாசிட்டர் ஏதாவது கசிந்துவிட்டதா? சிப்பைச் சுற்றி மெமரிக்கு 12 இடம் இருக்கிறது, ஆனால் 11 தான் பொருத்தியிருக்கிறார்கள். யாராவது ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டார்களா?

கடைசியாக, மெமரிக்கும் ஹீட்ஸிங்குக்கும் நடுவில் சூடு கடத்த வைத்த சாம்பல் நிற பேட் இரண்டு மூன்று இடத்தில் கிழிந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும். 12.8 என்று போட்டது, 15 என்று போட்டது எல்லாம் விற்கிறார்கள். எண் பெரிதாக இருப்பதை வாங்கினால் போதுமா?

சோல்டர் சித்தப்பா

தம்பி, எண்ணெயை முதலில் பேசிவிடுவோம், இல்லையென்றால் ராத்திரி தூக்கம் வராது. அது கசிவு இல்லை. இந்த மாதிரி போர்டில் உருளையாக நிற்பவை பாலிமர் கெப்பாசிட்டர், பொடிப்பொடியாக இருப்பவை செராமிக். கசிவதற்கு உள்ளே திரவமே கிடையாது. நீங்கள் பார்ப்பது பேட்டிலிருந்து இறங்கிய சிலிக்கோன் எண்ணெய். வருடக்கணக்கில் சூட்டிலும் அழுத்தத்திலும் இருந்தால் அது மெல்ல ஊறி வெளியே வரும். மின்சாரத்தைக் கடத்தாது, கெடுதல் இல்லை. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். எண்ணெயை இழந்த பேட் மட்டும் காய்ந்து மாவாகும், அதனால்தான் உங்களுக்குக் கிழிந்திருக்கிறது.

காலி இடமும் திருட்டு இல்லை. 1080 டிஐயின் பிறவியே அப்படி. சிப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள், ஜிபி102-350 என்று பொறித்திருக்கும். அந்த ஜிபி102 சிப்புக்கு முழுதாக 384 பிட் மெமரி பாதை உண்டு. ஒரு மெமரி சிப்புக்கு 32 பிட் என்று 12 சிப் போடலாம். 1080 டிஐயில் ஒரு 32 பிட் பாதையையும் அதோடு சேர்ந்த கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி) பகுதியையும் சிப்பை வடிவமைத்த என்விடியா மூடிவிட்டது. மிச்சம் 352 பிட், 11 சிப், 11 ஜிபி. 471 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 1,200 கோடி டிரான்சிஸ்டர் வைத்த சிப், எல்லாமே பழுதில்லாமல் வந்துவிடாது. ஒரு ஓரத்தில் கோளாறு இருந்தால் அந்தப் பகுதியை அடைத்துவிட்டு விற்பது இந்தத் தொழிலில் சகஜம். 1080 டிஐ 2017 மார்ச்சில் வந்தது, அதே ஜிபி102 வைத்து அடுத்த மாதமே வந்த டைட்டன் எக்ஸ்பி கார்டில் 12 இடமும் நிரம்பியிருக்கும். காலி இடத்தில் ஈயம் உருக்கிய தடம் இல்லாமல் இணைப்புப் புள்ளி வரிசை பளிச்சென்று இருந்தால் அது கம்பெனியிலேயே விட்ட இடம்.

நடுவில் பேஸ்ட் இல்லாததுதான் உங்கள் 109க்குக் காரணம். சிப் சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும், மேலே இருக்கும் செம்பு வேறு அளவில் விரியும். கேம் ஆரம்பித்து முடிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த அசைவு பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளும். இதை பம்ப் அவுட் என்பார்கள். சராசரி வெப்பத்தைவிட ஹாட்ஸ்பாட் பத்து, பதினைந்து டிகிரி கூட இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 26 வித்தியாசம் என்றால் எங்கோ செம்பு சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் இதற்குப் பயன் இல்லை, சூடு முதலில் ஹீட்ஸிங்க் தகடுவரை வந்தால்தானே காற்று அதை எடுத்துப் போகும்.

இப்போது பேட். உங்கள் கேள்வியிலேயே இதுதான் முக்கியமானது, கடைசியில் போட்டுவிட்டீர்கள். அட்டையில் இருக்கும் 12.8, 15 எல்லாம் வெப்பக் கடத்து திறன். அதைப் பார்த்து வாங்காதீர்கள். தடிமனைப் பார்த்து வாங்குங்கள். ஹீட்ஸிங்க் ஒரே கட்டி. அது ஒரே நேரத்தில் சிப்பையும் 11 மெமரியையும் மின்சாரப் பகுதியையும் தொட வேண்டும், மூன்றும் வேறு வேறு உயரம். மெமரிக்கு மேலே அரை மில்லிமீட்டர் கூடுதலாகப் பேட் வைத்தீர்கள் என்றால், நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் கட்டையைச் செருகியதுபோல ஹீட்ஸிங்க் தூக்கிக்கொள்ளும். மெமரி ஜம்மென்று இருக்கும், நடுவில் சிப்பு அந்தரத்தில் நிற்கும். விலை கூடிய பேட் போட்டபிறகு சூடு ஏறிவிட்டது என்று என்னிடம் வரும் கார்டுகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

இன்னொன்று, எண் பெரிதாக உள்ள பேட் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், எளிதில் அமுங்காது. மிருதுவான 6 போட்ட பேட், கெட்டியான 15ஐவிட நன்றாக வேலை செய்து பார்த்திருக்கிறேன்.

தடிமனை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பேட்டை வெர்னியரில் அளப்பது பாதிதான் உதவும், ஏனென்றால் அது வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்தது. மெமரி உட்கார்ந்த இடத்தை அளக்காதீர்கள். மெமரி சிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தை அளந்தால் ஆதி தடிமனுக்குக் கிட்டத்தட்ட வரும். அப்புறம் சோதனை. புது பேட்டை வையுங்கள், சிப்பில் கொஞ்சம் மலிவான பேஸ்ட் வைத்து நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள், உடனே திரும்பக் கழற்றுங்கள். பேட்டில் மெமரி சிப்பின் விளிம்பு சதுரமாகப் பதிந்திருக்க வேண்டும். சிப்பில் பேஸ்ட் மெல்லியதாக, உள்ளே இருக்கும் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்குப் பரவியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்தால் தடிமன் சரி. பேஸ்ட் தடியாக நின்றால் பேட் அதிகம். பேட்டில் தடமே இல்லை என்றால் பேட் குறைவு.

1080 டிஐயில் மெமரி எவ்வளவு சூடு என்று மென்பொருள் காட்டாது. பின்னால் வந்த ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி கார்டுகளில் காட்டும், இதில் இருப்பது அதற்கு முந்தைய ஜிடிடிஆர்5எக்ஸ். ஈவிஜிஏ என்ற கார்டு கம்பெனி அப்போது ஐசிஎக்ஸ் என்று ஒரு வரிசையில் 9 சென்சார் கூடுதலாக வைத்துக் கொடுத்தது, நல்ல யோசனை. பாவம், 2022ல் கிராபிக்ஸ் கார்டு வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். மற்ற கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடம் பார்க்கும் வேலைதான் சென்சார்.

நிழல் பிக்சல்

சித்தப்பா சொன்னதோடு ஒரு சின்ன சேர்க்கை. என்னிடம் இருப்பது என்விடியாவே விற்ற ஃபவுண்டர்ஸ் எடிஷன். அதைப் பிரிப்பவர்கள் பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பின்தகட்டைக் கழற்றியதும் அடியில் அறுகோணத் தூண்கள் வரிசையாக இருக்கும், அதற்கு 4 மிமீ சாக்கெட் வேண்டும். உள்ளே சூட்டைக் கடத்தும் ஹீட்பைப் குழாய் கிடையாது. சிப்புக்கு மேலே தட்டையான வேப்பர் சேம்பர் (ஹீட்பைப் மாதிரியே ஆவியால் சூட்டைப் பரப்பும் பெட்டி), ஒரே ஒரு ப்ளோயர் ஃபேன், சூடான காற்று கேபினெட்டுக்குப் பின்னால் போய்விடும். சத்தம் அதிகம், ஆனால் கேபினெட்டுக்குள் சூடு தங்காது. மூன்று ஃபேன் கார்டு எடுக்கும் சூட்டை எல்லாம் கேபினெட்டுக்குள்தான் கொட்டும், எனவே கேமர் ப்ரோ, பக்கத் தகட்டைத் திறந்து வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் நிறைய குறைந்தால் தவறு கார்டில் மட்டும் இல்லை.

பேஸ்ட்டுக்கு என் யோசனை: லிக்விட் மெட்டல் போட்டுவிடுங்கள். ஒரேயடியாகத் தீர்ந்தது.

சோல்டர் சித்தப்பா

லிக்விட் மெட்டல் வேண்டாம் தம்பி, சொன்னால் கேளுங்கள். அது காலியம் கலந்த உலோகம், மின்சாரத்தைக் கடத்தும். சிப்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கெப்பாசிட்டர்கள் திறந்தே கிடக்கின்றன, ஒரு துளி அங்கே ஓடினால் போதும். அலுமினியம் பட்டால் அரித்தே விடும். ஹீட்ஸிங்கின் அடிப்பாகம் நிக்கல் பூசிய செம்பு என்று நிச்சயமாகத் தெரியாதவர்கள் கிட்டேயே போகக் கூடாது. பிளேஸ்டேஷன் 5ல் சோனி போட்டிருக்கிறதே என்பீர்கள். அங்கே அது வழிந்து ஓடாமல் இருக்கச் சுற்றிலும் அணை கட்டி வடிவமைத்தார்கள். இந்தக் கார்டில் அப்படி ஒன்றும் இல்லை.

நான் இப்போதெல்லாம் போடுவது ஹனிவெல்லின் பிடிஎம் 7950. தாள் மாதிரி இருக்கும், ஏறக்குறைய 45 டிகிரி தாண்டினால் இளகும், ஆறினால் கெட்டியாகிவிடும். அதனால் ஓரத்துக்கு ஓடுவது மிகவும் குறைவு. வெறும் சிப்பின்மேல் மூடி இல்லாமல் ஹீட்ஸிங்க் நேராக உட்காரும் கார்டுகளுக்கு அதுதான் பொருத்தம். வெட்டுவதற்கு முன் சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே ஒட்டிய பாதுகாப்புப் பிலிம் சுத்தமாகப் பிரியும். போட்ட அன்றே எண்ணைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், நாலைந்து முறை சூடாகி ஆறினால்தான் மெல்லியதாக உட்காரும். போலியும் உலவுகிறது, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம்.

ஹீட்பைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, கழுவும்போது பலர் அதை வளைத்துவிடுகிறார்கள். அது முழுக் கம்பி இல்லை, செம்புக் குழாய். உள்ளே கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கும், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பதால் 100 டிகிரிக்குக் காத்திருக்காமலே ஆவியாகும். ஆவி தகடுகளின் பக்கம் போய்க் குளிர்ந்து, குழாயின் உள்சுவரில் இருக்கும் செம்புத்தூள் படலம் வழியாகத் திரும்பி வரும். குழாயை அமுக்கிவிட்டாலோ கீறி ஓட்டை விழுந்தாலோ அது வெறும் செம்புக் குழாய்தான், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மின்சாரப் பகுதியின் பேட்டை மறந்துவிடாதீர்கள். இந்தக் கார்டு 250 வாட். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைச் சிப் கேட்கும் ஏறக்குறைய 1 வோல்ட்டாக இறக்குவது சாம்பல் நிறக் கட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டிக் கறுப்புச் சதுரங்கள். 1 வோல்ட்டில் 200 வாட் என்றால் 200 ஆம்பியர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புச் சதுரத்துக்குப் பேட் கட்டாயம். சாம்பல் கட்டி என்பது காயில் (கம்பிச் சுருள்), கம்பெனி அதன்மேல் வைக்காமல் விட்டிருந்தால் நீங்களும் விடுங்கள்.

காவிரிக்கரை கேமர்

நன்றி சித்தப்பா, நன்றி நிழல் ப்ரோ. சுத்தம் செய்தபிறகு ஜிபி102-350 தெளிவாகத் தெரிந்தது, காலி இடமும் கம்பெனி இடம்தான். மெமரிக்கு முதலில் 1.5 மிமீ பேட் வைத்துத் தடம் பார்த்தேன், பேஸ்ட் தடியாக நின்றது. 1 மிமீ மிருதுவான பேட்டுக்கு மாறியதும் சதுரத் தடமும் விழுந்தது, சிப்பிலும் மெல்லியதாகப் பரவியது. மின்சாரப் பகுதிக்கு மட்டும் 1.5 சரியாக இருந்தது. சிப்பில் பிடிஎம் தாள்.

அதே ரூம், அதே கேம்: சிப் 72, ஹாட்ஸ்பாட் 85. ஃபேன் முழு வேகத்துக்குப் போவதே இல்லை. பக்கத் தகட்டைத் திறந்தால் இன்னும் நான்கு டிகிரி குறைகிறது, அதனால் கேபினெட் முன்பக்கத்துக்கு ஒரு ஃபேன் வாங்கப் போகிறேன். இதற்குமேல் குறைக்க வேறு வழி இருக்கிறதா, இல்லை இத்தோடு விடலாமா?

சோல்டர் சித்தப்பா

13 வித்தியாசம், அருமை. இனி ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) 80 சதவீதத்துக்கு இறக்குங்கள், 250 வாட் 200 ஆகும். கேமில் இழப்பது சில ஃபிரேம்தான், 1080 டிஐ கடைசி வேகத்துக்காக மின்சாரத்தை அள்ளி விழுங்கும் கார்டு. முன்பக்க ஃபேனை வாங்கும்போது காற்று உள்ளே வரும் திசையைப் பார்த்து மாட்டுங்கள், பெரும்பாலான ஃபேனில் குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம்.