சபை வேலை ஊர்க்காரர் கையில் வர என்ன வழி?

குளக்கட்டு:
எங்கள் பிரதேச சபையின் கேள்வி (டெண்டர்) அறிவித்தல் வந்திருக்கிறது. ஐந்து உள்வீதிகளுக்குக் கிரவல், மூன்று மதகு, எல்லாம் ஒரே ஒப்பந்தம். ஒரு கலவை மிஷினும் லான்ட்மாஸ்டரும் ஆறு மேசன்மாரும் வைத்திருக்கிறவர் இதற்குக் கிட்டவும் போக முடியாது. வெளி மாவட்டத்து ஆள் ஒருவர் எடுத்து, அதே ஆறு மேசன்மாரை நாட்கூலிக்குக் கூப்பிடுவார். வீதிக்கு ஒரு ஒப்பந்தமாகப் பிரித்தால் என்ன குறை?

மதகடி:
அண்ணை, கணக்குக் கிளையில் இருந்தவன் சொல்கிறேன். தொகை கூடினால் தீர்மானிக்கிற பெறுகைக் (அரச கொள்முதல்) குழுவும் மாறும். அந்தப் பணவரம்பைத் தவிர்க்க வேலையைத் துண்டாடக் கூடாது என்று பெறுகை வழிகாட்டியில் இருக்கிறது. மீறினால் கணக்காய்வு ஐயவினா வரும். அதற்குப் பதில் எழுதுவது செயலாளர், நீங்கள் இல்லை. அடுத்தது, கட்டட ஒப்பந்தக்காரரைத் தரம் பிரித்துப் பதிகிற அரச நிறுவனம், இக்டாட் என்று இன்னும் சொல்கிறோமே, இப்போதைய சீடா, அந்தப் பதிவில் சி9தான் கடைசித் தரம். அதையும் எடுக்காமல் 'நாங்கள் ஊர்க்காரர்' என்றால் எப்படி? மாரியில் மதகு உடைந்தால் வெள்ளம் கட்டினவர் எந்த ஊர் என்று கேட்காது.

குளக்கட்டு:
வரம்பை ஏய்க்கப் பிரிப்பது வேறு. ஒரே அறிவித்தலில், ஒரே நாளில், முழுத் தொகைக்குரிய பெறுகைக் குழுவின் முன்னால் ஐந்து தொகுதியாகக் கேட்பது வேறு. பெரியவர் ஐந்துக்கும் விலை போடட்டும், சின்னவர் ஒன்றுக்குப் போடட்டும். குறைந்த விலை வெல்லட்டும். இதில் யாருக்கு என்ன சலுகை?

முறிகண்டிக் கச்சான்:
பிரித்தாலும் நாங்கள் விழுகிற இடம் வேறு. போன வருடம் ஒரு கொங்கிறீற்று வீதிக்குக் கேள்வி போட்டேன், சபையின் பெயர் வேண்டாம். பெட்டி திறக்கும்போது நானும் இருந்தேன். நான்கு உறை. விலையை வாசித்தார்கள், என்னுடையதுதான் குறைவு. வந்து பெடியளுக்குத் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது: கேள்விப் பிணையின் (கேள்வியோடு வைக்கிற வங்கி உத்தரவாதம்) காலம் போதாது. கேள்வி 91 நாள் செல்லுபடியாக வேண்டும், பிணை அதற்கு மேல் இன்னும் 28 நாள் நிற்க வேண்டும். நான் வங்கியில் "மூன்று மாதத்துக்குத் தாருங்கள்" என்று வாங்கியிருந்தேன். அது எழுதியிருந்தது ஆவணத்தின் பின்பக்கங்களில், ஆங்கிலத்தில். வடைக் காசும் போச்சு.

மதகடி:
கோபிக்க வேண்டாம், பிழை உங்களுடையதுதான். ஆனால் இப்படிப் போனவை நிறையப் பார்த்திருக்கிறேன். கையெழுத்தில்லாத பக்கம், விலை எழுதாமல் விட்ட ஒரு உருப்படி, 50 இலட்சத்துக்கு மேற்பட்ட வேலைக்கு 1987ஆம் ஆண்டுப் பொது ஒப்பந்தச் சட்டப் பதிவு இல்லாமை. கேள்விக்கு முந்திய கூட்டத்தைத் தமிழில், ஆவணத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி நடத்தினால் இதில் பெரும்பகுதி தீரும். சபையிடம் கேட்க வேண்டியது அதைத்தான், ஒப்பந்தத்தை வெட்டித் தரச் சொல்லி அல்ல.

பனங்கூடல்:
தம்பி மதகடி, படிவம் நிரப்பத் தெரிந்தால் எல்லாம் சரியாகுமா? எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கேள்வி இல்லாமல் நேரடியாகவே வடிகால் வேலை கிடைத்தது. வேலை ஒக்டோபர் கடைசியில் முடிந்தது. அளக்க வேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போனார். புதியவர் நாடாவோடு வந்த அன்று வடிகால் நிறைய மழைத்தண்ணீர். "வடிந்தபிறகு வாறன் அக்கா" என்று போனவர் மார்கழி நடுப்பகுதியில்தான் வந்தார். சபையின் நிதியாண்டு முடிகிற டிசம்பர் 31 தாண்டிவிட்டது, காசு பங்குனியில். அதுவரை சீமெந்துக் கடைக்கு என் காப்பு இரண்டும் அடைவில். தொடக்கத்தில் ஒரு கொந்தராத்துக்காரர் வந்து "சங்கத்தின் பெயரில் எடுத்து எனக்குத் தாருங்கள், ஒரு வீதம் தருவேன்" என்று கேட்டார். பேசி அனுப்பினேன். சில சங்கங்கள் ஏன் கொடுக்கின்றன என்று இப்போது விளங்குகிறது.

மதகடி:
முற்பணம் கேட்டிருக்கலாமே, அக்கா.

பனங்கூடல்:
கேட்டோம். அதற்கும் பிணை. பிணைக்கு வங்கி காணி உறுதி கேட்கிறது. இங்கே பலரிடம் இருப்பது உறுதி இல்லாத, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி, அதை எந்த வங்கி பார்க்கிறது? பில் காசு வந்தாலும், வேலையில் குறை வந்தால் திருத்துவதற்கென்று தடுத்துவைப்புப் பணமாக ஒரு பங்கு சபையில் நிற்கும். பெரியவர் அதைப் பொறுப்பார். நாங்கள் அடுத்த வேலைக்குச் சல்லி அள்ளுவது அந்தக் காசில்தான்.

மதகடி:
சரி, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மாகாணத்திலிருந்து பணம் பிந்தினால் சபையும் கையைப் பிசையும். ஆனால் அளப்பதற்கும் பில் மேசையில் கிடப்பதற்கும் மாகாணத்தைச் சாட்ட முடியாது, அது உள்ளே நடக்கிற தாமதம். பிரிக்கிற கதையில் மட்டும் நான் மாறவில்லை. ஐந்து சின்ன ஆட்களுக்கு ஐந்து பில் பிந்தினால் ஐந்து வீட்டு நகை அடைவுக்குப் போகும்.

குளக்கட்டு:
அப்போ முதலில் தாமதத்தைக் கணக்காக எடுப்போம். 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுகிறேன்: கடந்த இரண்டு வருட வேலைகள், அளந்த திகதி, பில் கொடுத்த திகதி, காசோலைத் திகதி. தொகுதியாகக் கேட்கிற விஷயத்தையும் விடமாட்டேன், அது அடுத்த அமர்வுக்கு.

மதகடி:
14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "வேலைகள்" என்று பொதுவாக எழுதாதீர்கள், வேலையின் பெயரையும் வவுச்சர் இலக்கத்தையும் கேளுங்கள். இல்லாவிட்டால் "அவ்வாறு தொகுக்கப்படவில்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

பனங்கூடல்:
எங்கள் வடிகாலையும் சேருங்கள். திகதிகள் என் கொப்பியில் இருக்கின்றன, அவர்கள் தருவதோடு ஒத்துப் பார்க்கலாம்.