டெலிவரி ரிசீட்: "ஒப்புகை" ஒன்று, வேலை இரண்டு

நண்பர்களுக்கு வணக்கம்.

குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றின் திரைச்சொற்களைத் தமிழாக்குகையில் "ஒப்புகை" என்ற ஒரே சொல் இரண்டு இடங்களில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு சேதி.

செயலி, குறுஞ்செய்திகளை வாங்கிக் கைப்பேசிகளுக்கு அனுப்பிவைக்கும் குறுஞ்செய்தி மையத்தோடு எஸ்எம்பிபி 3.4 நெறிமுறையில் இணைந்து, சப்மிட்_எஸ்எம் என்ற பொதியில் (தரவுக் கட்டில்) செய்தியைக் கொடுக்கிறது. மையம் உடனே சப்மிட்_எஸ்எம்_ரெஸ்ப் என்று பதில் தருகிறது. அதில் ஒரு செய்தி எண் இருக்கும். "வாங்கி வைத்துக்கொண்டேன்" என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. கைப்பேசி அணைந்து கிடக்கலாம், அந்த எண்ணே புழக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம். சில நொடியிலோ சில மணி நேரத்திலோ மையம் டெலிவர்_எஸ்எம் ஒன்றை அனுப்பி, செய்தி என்ன ஆனது என்று சொல்லும். இதுதான் டெலிவரி ரிசீட். (ரெஜிஸ்டர்டு_டெலிவரி புலத்தில் 1 வைத்துக் கேட்டால் வரும், 0 என்றால் வராது.)

பதிவுத் தபால் போட்டவர்களுக்கு இது பழகிய விஷயம். தபால் நிலைய முகப்பில் கொடுப்பது ரசீது. பெறுநர் கையெழுத்தோடு திரும்பி வருவது ஒப்புகை அட்டை. எனவே முதலாவதற்கு "ஏற்புச் சீட்டு", இரண்டாவதற்கு "சேர்ப்பு ஒப்புகை" என்று முன்மொழிகிறேன். "பட்டுவாடா" அசல் தபால்காரர் சொல்தான். ஆனால் தேர்தல் நேரத்தில் அதைத் திரையில் காட்டினால் அர்த்தமே வேறு, விட்டுவிட்டேன்.

———

> இரண்டாவதற்கு "சேர்ப்பு ஒப்புகை"

"சேர்ப்பு" இருக்கட்டும், "ஒப்புகை" வேண்டாம். ஒப்புகை அட்டை திரும்பினாலே கடிதம் கிடைத்துவிட்டது என்றுதான் கொள்வோம். இங்கே தோல்வியும் இதே பொதியில்தான் வருகிறது. ரிசீட்டின் உரையில் "ஸ்டாட்" என்ற இடத்தைப் பாருங்கள்: சேர்ந்தது, காலக்கெடு முடிந்தது, சேர்க்க இயலாது, மறுக்கப்பட்டது என எதுவும் அங்கே வரலாம். "சேர்ப்பு ஒப்புகை: சேரவில்லை" என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

இன்னொன்று, சேர்ந்தது என்று சொல்வது கைப்பேசிக் கருவி, ஆள் அல்ல. செய்தியை யாரும் திறந்திருக்க வேண்டியதில்லை. "ஒப்புகை" என்றால் ஆளே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜிஎஸ்எம் தரநிலை இதை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் என்றே சொல்கிறது, வெற்றி தோல்வி இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி. அதையொட்டி "சேர்ப்பு அறிக்கை" போதும்.

பன்மையிலும் இயல்பாக ஒலிக்கும் சொல்லாக இருக்க வேண்டும், ஏனென்றால் தமிழ்ச் செய்தி பல துண்டாகப் பிரிவதால் ஒரு செய்திக்கே பல அறிக்கைகள் வருவதுதான் அதிகம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலம் 7 பிட் குறியாக்கத்தில் 160 எழுத்து பிடிக்கும். தமிழ், குறியீட்டுக்கு 2 பைட் எடுக்கும் யூசிஎஸ்-2 குறியாக்கத்தில் போவதால் 70 குறியீடுதான். அதைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டிலும் துண்டுகளைக் கோக்க உதவும் தலைப்புக்கு 6 பைட் போய், துண்டுக்கு 67 மிஞ்சும். குறியீடும் நம் எழுத்தும் ஒன்றல்ல: "வணக்கம்" நமக்கு 5 எழுத்து, புள்ளி இரண்டையும் தனியாக எண்ணுவதால் கணினிக்கு 7. "கொ" 2 குறியீடு. கொம்பும் காலும் பிரிந்து உள்ளிடப்பட்டிருந்தால் 3. அனுப்புமுன், பிரிந்தவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிக்கொண்டால் இந்த வீண் செலவு மிச்சம். 150 குறியீடு கொண்ட செய்தி 3 துண்டு. செயலியே துண்டாக்கி அனுப்பினால் 3 செய்தி எண், 3 அறிக்கை. "3-இல் 2 சேர்ப்பு அறிக்கைகள் வந்தன" என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை.

———

> முதலாவதற்கு "ஏற்புச் சீட்டு"

"ஏற்பு" இடிக்கும். ரிசீட்டின் நிலைகளில் ஆக்செப்டட் என்றே ஒன்று உண்டு. 3.4 ஆவணப்படி அதன் பொருள் விசித்திரமானது: வாடிக்கையாளர் சேவை ஆள் ஒருவர் சந்தாதாரர் சார்பில் செய்தியைப் படித்துவிட்டார் என்பது. அதையும் இதையும் "ஏற்பு" என்றால் மறுபடி பழைய குழப்பம். இலங்கையில் ரசீதைப் பற்றுச்சீட்டு என்போம். அதில் காசு வாசனை அடிப்பதால் அதுவும் ஒத்துவராது.

சப்மிட் என்பதை "ஒப்படை" என்று எடுத்தால் வழி திறக்கிறது. ஒப்படைத்ததற்குக் கிடைப்பது "ஒப்படைப்புச் சீட்டு". பொறுப்பு கைமாறியது, வேலை முடியவில்லை என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

உருவாக்குநர் ஆவணத்தில் இந்த இரண்டு சொல்லும் அருகருகே வரப்போகிற பத்தி ஒன்று உண்டு, அதை வைத்துச் சோதியுங்கள். சீட்டில் உள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் பொருந்தினால்தான் எந்தச் செய்தியின் முடிவு இது என்று தெரியும். சில மையங்கள் சீட்டில் பதினறும எண்ணும் அறிக்கையில் பதின்ம எண்ணும் தருகின்றன. சீட்டில் 4000, அறிக்கையில் 16384. இரண்டும் ஒன்றே, ஆனால் சரமாக ஒப்பிட்டால் பொருந்தாது. எல்லாச் செய்தியும் "நிலுவையில்" என்றே நிற்கும். கன்னெல் என்ற குறுஞ்செய்தி நுழைவாயில் மென்பொருளில் இதற்கென்றே தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். அறிக்கை சில சமயம் சீட்டை முந்திக்கொண்டும் வரும். பொருந்தாத அறிக்கையை வீசிவிடாமல் சற்று வைத்திருந்து மறுபடி தேட வேண்டும்.

———

ஒப்படைப்புச் சீட்டு, சேர்ப்பு அறிக்கை: இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன பத்தியில் போட்டுப் பார்த்தேன், இடறவில்லை. ரிசீட்டின் நிலைகளில் இன்னொன்றான அன்னோன் என்பதை "நிலை தெரியவில்லை" என்று வைக்கிறேன். "தெரியாத செய்தி" என்று ஏற்கெனவே இருந்தது தவறு.

ஒரு முடிச்சு மிச்சம். டெலிவர்_எஸ்எம் அறிக்கையை மட்டும் கொண்டுவருவதில்லை. பயனர் கைப்பேசியிலிருந்து செயலிக்கு எழுதும் செய்தியும் அதே பொதியில்தான் வருகிறது. இஎஸ்எம்_கிளாஸ் புலத்தின் மதிப்பு பதினறும 04 என்றால் அறிக்கை, 00 என்றால் சாதாரணச் செய்தி. பார்க்காமல் விட்டால் "ஆம்" என்று வந்த பதில் அறிக்கைப் பட்டியலில் போய் விழும். எதுவானாலும் டெலிவர்_எஸ்எம்_ரெஸ்ப் திருப்பி அனுப்பியாக வேண்டும். இல்லையேல் மையம் அதையே மீண்டும் மீண்டும் அனுப்பும்.

அதனால் டெலிவர் என்று பெயர் இருப்பதற்காக இந்தப் பொதியைச் "சேர்ப்பு" என்று மொழிபெயர்க்க முடியாது. "வருகைப் பொதி" என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருக்கிறதா?