கோத்தகிரி இறக்கத்தில் டிஸ்க் பிரேக் பிடிக்க மாட்டேங்குது – எஸ்டேட் பாதையில் எம்டிபி ஓட்டுறவங்க உதவுங்க

காரமடைக்காரன்:
வணக்கம்ங்க. என்னுடையது 27.5 இன்ச் சக்கர எம்டிபி (மலைப் பாதை சைக்கிள்). முன்னும் பின்னும் கேபிள் டிஸ்க் பிரேக், 160 எம்எம் ரோட்டார் (சக்கரத்தோட சுத்துற பிரேக் தட்டு). லீவு நாள்ல சைக்கிளைப் பிக்கப்பில் ஏத்திட்டுக் கோத்தகிரி போய், சுத்தி இருக்கிற டீ எஸ்டேட் மண் ரோட்டில் நாங்க நாலஞ்சு பேர் ஓட்டுவோம்.

கிளம்பும்போது பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. செங்குத்தா பாதி தூரம் இறங்கினதும் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடுது. கீய்ய்னு சத்தம், கூடவே கருகின வாசனை. கொஞ்சம் நின்னு ஆறவிட்டா ஓரளவு பிடிக்குது. பின் பிரேக்கைப் பலமாப் பிடிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டுச் சறுக்கிட்டே போகுது. கேபிளை இழுத்துக் கட்டினேன், கொஞ்ச தூரத்துலயே பழைய கதை. கடையில கேட்டா, கேபிளுக்குப் பதிலா எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யுற "ஹைட்ராலிக் மாத்திடுங்க"ங்கிறாங்க. மாத்தித்தான் ஆகணுமா?

இன்னொரு சந்தேகம்: லாங்வுட் சோலைக்குள்ள ஒரு ஒத்தையடிப் பாதை மேப்ல தெரியுது. சைக்கிள்ல போகலாமா?

ஸ்போக்ஸ்:
மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. சைக்கிளை நிறுத்தி வச்சு, பின்பக்கம் குனிஞ்சு காலிப்பரை (ரோட்டாரைக் கவ்வுற பாகம்) பார்த்தபடி லீவரை மெதுவா அழுத்துங்க. ரோட்டார் ஒரு பக்கமா வளையுதா? காலிப்பருக்குள்ள ரோட்டாரை உரசிப் பிடிக்கிற பேட்ல எவ்வளவு மிச்சம் இருக்கு? செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க் மேல பட்டிருக்குமா?

காரமடைக்காரன்:
ஆமாங்க, நல்லாவே வளையுது. வெளிப்பக்க பேட் வந்து ரோட்டாரை உள்பக்கம் தள்ளுது. பேட் ரெண்டும் ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாது, மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. செயினுக்குத் துணியில தொட்டுத்தான் எண்ணெய் போடுவேன், ஸ்ப்ரே கிடையாது.

ஸ்போக்ஸ்:
அப்ப ஹைட்ராலிக் வேண்டாம், காசை மிச்சம் பண்ணுங்க.

விலை குறைந்த கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டும்தான் நகரும். உள்பக்கத்தது அப்படியே நிக்கும். தேயத் தேய அதை நீங்கதான் ரோட்டாருக்குப் பக்கத்துல கொண்டு வரணும். அதுக்குக் காலிப்பரின் உள்பக்கம், சக்கரத்து ஸ்போக்குக்கு நேரா, ஆலன் கீ போடுற ஒரு திருகு இருக்கும். அதைத் தொடாம கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினா, உங்க கை பலத்துல பாதி ரோட்டாரை வளைக்கிறதுக்கே போயிடும்.

முதல்ல புது பேட் போடுங்க. கேபிளைத் தளர்த்தி, காலிப்பரின் ரெண்டு போல்ட்டையும் லூஸ் பண்ணி, ரோட்டார் நடுவுல வர்ற மாதிரி வச்சு இறுக்குங்க. அப்புறம் உள்பக்கத் திருகை மெல்லத் திருப்பி, பேட் ரோட்டாரை உரசாம மயிரிழை இடைவெளி விட்டு நிறுத்துங்க. கடைசியாத்தான் கேபிள். அவுட்டர் கேபிளையும் (கம்பி ஓடுற வெளி உறை) பாருங்க. சில கடைகள்ல கியர் அவுட்டரையே பிரேக்குக்கும் போட்டுடுறாங்க. அது பிரேக் இழுவையைத் தாங்காது, வெடிச்சுப் பிளந்துடும்.

பேட் வாங்கும்போது ரோட்டார்ல என்ன பொறிச்சிருக்குன்னு படிங்க. "ரெசின் பேட் ஒன்லி"ன்னு இருந்தா மெட்டல் பேட் போடக் கூடாது. அப்படி எதுவும் இல்லாட்டி, நீண்ட இறக்கத்துக்கு மெட்டல்தான் சூடு தாங்கும். சத்தம் நிக்கட்டும்னு யாராவது எண்ணெய் விடச் சொன்னா விட்டுடாதீங்க. எண்ணெய் குடிச்ச பேட் குப்பைக்குத்தான்.

இறக்கப்பிரியன்:
பேட் மாத்தினாலும் ஓட்டுற விதம் மாறலைன்னா அதுவும் சீக்கிரம் கருகிடும், தம்பி. இறக்கம் பூரா லீவரை லேசா பிடிச்சுக்கிட்டே வர்றீங்கன்னு நினைக்கிறேன். சூடு ஆற நேரமே இல்லை. வளைவுக்கு முன்னாடி நேரான இடத்துல ரெண்டு பிரேக்கையும் சேர்த்து நல்லா அழுத்தி வேகத்தைக் குறைங்க, அப்புறம் விட்டுடுங்க. வளைவுக்குள்ள பிரேக்குக்கு வேலை இருக்கக் கூடாது.

நிறுத்துற பலம் பெரும்பாலும் முன் பிரேக்குலதான் இருக்கு. கவுந்துடுவோம்னு பயந்து பின்னாலதை மட்டும் பிடிச்சா சறுக்கத்தான் செய்யும். சீட்டை இறக்கிட்டு, இடுப்பைப் பின்னாடி தள்ளி, பெடல் ரெண்டையும் ஒரே மட்டத்துல வச்சு, முன் பிரேக்கை ஒரு விரலால படிப்படியா அழுத்திப் பழகுங்க. சமதளத்துல பழகிட்டு அப்புறம் மலைக்குப் போங்க.

பின்சக்கரம் சறுக்கின இடத்தைத் திரும்பிப் பார்த்திருக்கீங்களா? மண் ரோட்டுல நீளமா ஒரு கோடு விழுந்திருக்கும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில கொட்டுற மழைத் தண்ணி அந்தக் கோட்டைப் பிடிச்சுத்தான் இறங்கும். அடுத்த வருசம் அது வாய்க்கால். மழை விட்டதும் ரெண்டு நாள் மண் பாதைக்குப் போகாம இருக்கிறது நல்லது. சேறு கிடந்தா பாதையை விட்டு ஓரமா ஏறிப் போகாதீங்க, ஒத்தையடிப் பாதை அகலமாகிறதே அப்படித்தான்.

வேகம்77:
சோலைப் பாதைக்கு ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. விடியுறதுக்கு முன்னாடி உள்ள போயிட்டு வந்துடலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

எஸ்டேட்வாசி:
வேகம் ப்ரோ, விடியற்காலையில யாரும் கேக்க மாட்டாங்கதான், ஏன்னா அந்நேரத்துக்கு அங்க இருக்கிறது காட்டுமாடும் கரடியும். தயவுசெஞ்சு இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீங்க.

லாங்வுட் சோலை காப்புக்காடு. 116 ஹெக்டேர்தான், சுத்தி ஊரும் தேயிலையும் வந்தபிறகு மிஞ்சி நிக்கிற துண்டு. 2024-ல் ராம்சர் பட்டியல்லயும் (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்திருக்கு. வனத்துறை அனுமதி இல்லாம நடந்துகூடப் போகக் கூடாது, சைக்கிளைப் பத்திப் பேச்சே இல்லை. மேப்ல கோடு தெரியுதுங்கிறதால அது பொதுவழி ஆகிடாது. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க பலர் இறந்தபிறகு விதிகளை இறுக்கிட்டாங்க. 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 2024-ல் அரசே திறந்த 40 பாதைகளும் வழிகாட்டியோட நடந்து போறதுக்குத்தான்.

டீ எஸ்டேட்டும் சும்மா நுழையுற இடம் இல்லைங்க, தனியார் நிலம். ஆபீஸ்ல போய், இன்ன நாள், இத்தனை பேர்னு கேளுங்க. பல மேனேஜர்கள் மறுக்க மாட்டாங்க. எஸ்டேட்டோட எந்த டிவிஷன்ல (பிரிவுல) மருந்து அடிக்கிறாங்கன்னும் அவங்களே சொல்லிடுவாங்க, அன்னைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. கொழுந்து மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு அக்காமாருங்க வந்தா நீங்கதான் இறங்கி ஓரமா நிக்கணும். மூட்டையோட அவங்களால சட்டுனு ஒதுங்க முடியாது. பின்னாடி வந்து திடீர்னு பெல் அடிக்கிறதைவிட, தூரத்துலயே "அக்கா, சைக்கிள் வருதுங்க"ன்னு ஒரு குரல் விட்டாப் போதும்.

காட்டுமாடு நின்னா நீங்களும் நின்னுடுங்க. பெல், விசில், போட்டோ எதுவும் வேண்டாம். மெதுவா பின்வாங்கி, அது போனபிறகு போங்க. கன்னு கூட இருந்தா வந்த வழியே திரும்பிடுங்க. சாயங்காலம் நாலு மணிக்குள்ள தார் ரோட்டுக்கு வந்துடுங்க. மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓட்டியே இறங்குறதா இருந்தா, பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனை பக்கம் யானை நிக்கும். செக்போஸ்ட்ல விசாரிச்சிட்டுத் தாண்டுங்க.

காரமடைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. சோலையை விட்டாச்சு. எஸ்டேட் ஆபீஸ்ல கேட்டோம், ஞாயித்துக்கிழமை பறிப்பு இல்லாத டிவிஷன்ல ஓட்டிக்கச் சொல்லிட்டாங்க, கேட்டை மட்டும் திறந்தா திரும்பச் சாத்தணுமாம்.

புது பேட் போட்டு உள்பக்கத் திருகையும் சரி பண்ணிட்டேன். இப்ப ரோட்டார் வளையலை. ஆனா பிடிப்பு பழசைவிடக் குறைவா இருக்கே? பேட் டூப்ளிகேட்டா?

ஸ்போக்ஸ்:
டூப்ளிகேட் இல்லைங்க, புது பேட் ரோட்டாரோட இன்னும் செட் ஆகலை. வண்டி வராத சமதள ரோட்டுல ஓரளவு வேகம் எடுத்து, நடக்கிற வேகத்துக்கு வர்ற வரை அழுத்தி, முழுசா நிக்கிறதுக்குள்ள விடுங்க. முன்னுக்கு ஒரு இருபது தடவை, பின்னுக்கு ஒரு இருபது தடவை. போகப் போகப் பிடிப்பு ஏறுறது கையிலயே தெரியும். அதுக்கு முன்னாடி ரோட்டாரை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சிடுங்க, விரல் பட்டிருந்தாலே போதும், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். ஓட்டிட்டு வந்த உடனே மட்டும் தொட்டுடாதீங்க, தோல் பொசுங்கிடும்.

காரமடைக்காரன்:
ஆல்கஹால் மெடிக்கல்ல கிடைக்குமா, இல்ல எலக்ட்ரானிக்ஸ் கடையா?

ஸ்போக்ஸ்:
ரெண்டுலயும் கிடைக்கும். மெடிக்கல்ல சானிடைசர் ஜெல் கொடுத்தா வாங்காதீங்க, அதுல கிளிசரின் இருக்கும்.