குடும்பக் குழு: ஞாயிறு காலை, பாரிஸ் ஆட்டத்துக்குப் பிறகு

23 நவம்பர் 2025, ஞாயிறு

தம்பி: முடிந்தது. ரக்பியில் நம்ம அவுஸ்திரேலிய அணி வலபீஸ் 48-33 என்று தோற்றுவிட்டது. இங்கிலாந்து, இத்தாலி, அயர்லாந்து, இப்போது பிரான்ஸ். ஐரோப்பாவில் நாலு ஆட்டம், நாலும் தோல்வி. சிட்னியில் யாராவது எழும்பி இருக்கிறீர்களா?

அத்தான்: நானும் பார்த்தேன். 33 புள்ளி எடுத்தும் தோற்கிறோம் என்றால் தடுப்பாட்டம் எங்கே? கோச் ஜோ ஷ்மிட் போதும். அடுத்த வருட நடுவில் லெஸ் கிஸ்தானே புதுக் கோச்சாக வரப்போகிறார், அவரை இந்த வாரமே கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

தம்பி: அவர் கோச்சாக இருக்கிற எங்கள் ரெட்ஸ் அணியை அந்தரத்தில் விட்டுவிட்டா? ரெட்ஸ் ஆடும் சூப்பர் ரக்பிப் போட்டியின் சீசனை முடித்துவிட்டுத்தான் வருவார் என்று ஏப்ரலிலேயே பேசி முடித்தார்கள். பிரிஸ்பேனில் இரண்டு வருடமாக அந்த அணியைக் கட்டியெழுப்பியவர் அவர்.

மாமா: அவசரம் வேண்டாம் பிள்ளைகள். 2023 ஜனவரி மறந்துவிட்டதா? உலகக் கிண்ணத்துக்கு எட்டு மாதம்கூட இல்லை, கோச் டேவ் ரென்னியை அனுப்பிவிட்டு எடி ஜோன்ஸைக் கொண்டுவந்தார்கள், அதுவும் ஐந்து வருட ஒப்பந்தத்தோடு. 9 டெஸ்ட், அதாவது நாடுகளுக்கிடையான ஆட்டம், ஆடி 2 வெற்றி, ஜோர்ஜியாவையும் போர்த்துக்கலையும். பிஜியிடம் 22-15, வேல்ஸிடம் 40-6 தோல்வி. உலகக் கிண்ணத்தில் முதல் சுற்றோடு வெளியேறியது அதுவரை நடக்காத விஷயம். அக்டோபர் முடிவதற்குள் அவரும் போய்விட்டார். அனுபவ வீரர்கள் மைக்கல் ஹூப்பரும் குவேட் கூப்பரும் அணியில் எடுபடாமல் வீட்டில் இருந்து பார்த்தார்கள், பாவம் அந்தச் சின்னப் பையன் கார்ட்டர் கோர்டன் முழுச் சுமையையும் தூக்கினான்.

அத்தான்: அது எடியின் பிழை மாமா.

மாமா: எடியின் பிழை மட்டும் இல்லை. கூப்பிட்டவர்களின் பிழையும்தான். ஒரு ஆளைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். இப்போது நீயும் அதைத்தான் சொல்கிறாய்.

நான்: நான் மாமாவின் பக்கம். இந்தத் தடவை நியமனத்தைச் செய்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கோ அத்தான். கிஸ் வரப்போகிறார் என்பது ஒரு வருடத்துக்கு மேல் முன்னாலேயே எல்லாருக்கும் தெரியும், அவருக்காக ஷ்மிட் தன் ஒப்பந்தத்தை 2026 நடுப்பகுதி வரைக்கும் நீட்டினார், இருவரும் முன்பின் தெரியாதவர்களும் இல்லை, அயர்லாந்தில் ஷ்மிட் தலைமைக் கோச்சாக இருந்தபோது கிஸ்தான் தடுப்பாட்டக் கோச், 2014, 2015 இரண்டு வருடமும் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஐரோப்பியப் போட்டியை வென்றார்கள். குயின்ஸ்லாந்துக்காரர், ரக்பி லீக், அதாவது 13 பேர் ஆடும் மற்ற ரக்பி, ஆடி வளர்ந்தவர், பிறகு கோச்சாக அல்ஸ்டர், லண்டன் ஐரிஷ், ரெட்ஸ் என்று ஒவ்வொரு படியாக வந்தவர். அவுஸ்திரேலியாவில் ஒரு கோச்சிடம் இருந்து இன்னொருவருக்கு இவ்வளவு அமைதியாகப் பொறுப்பு கைமாறியது எனக்கு நினைவே இல்லை. நாலு தோல்விக்காக அதைக் கலைப்பது சரியில்லை.

தம்பி: ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவை எலிஸ் பார்க்கில் 22-0 என்று பின்னால் இருந்து 38-22 வென்றதும் இதே ஷ்மிட்தான். அந்த மைதானத்தில் 1963க்குப் பிறகு முதல் வெற்றி.

அத்தான்: சரி சரி. அப்படியென்றால் மூன்று மாதத்தில் எப்படி இப்படி விழுந்தோம்?

நான்: ஆட்கள் காணாது. இந்த வருடம் மட்டும் 10ஆம் இலக்கச் சட்டையில், ஆட்டத்தை நடத்தும் இடத்தில், யார் யார் ஆடினார்கள் என்று எண்ணிப் பாருங்கோ. லொலேசியோவுக்குக் காயம், பிறகு டொம் லைனா, பிறகு 35 வயதில் ஜேம்ஸ் ஓ'கானர், பிறகு டேன் எட்மெட், லீக்கில் இருந்து திரும்பி வந்த கோர்டன். எந்தக் கோச் வந்தாலும் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் தயாராக நிற்க வேண்டும். அந்த அடுத்தவர் 17 வயதில் இருந்து 21 வயது வரைக்கும் எங்கே ஆடுகிறார், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? நியூசிலாந்தில் மாகாணப் போட்டி இருக்கிறது. இங்கே 2007இல் ஒரு போட்டி தொடங்கி ஒரே சீசனில் மூடினார்கள், 2014இல் என்ஆர்சி என்ற தேசிய ரக்பிப் போட்டியைத் தொடங்கி 2019உடன் அதையும் முடித்தார்கள். என்ஆர்சியில் நம்ம மேற்கு சிட்னிக்கு ராம்ஸ் என்று ஒரு அணி இருந்தது, அது அதற்கும் முதலே போய்விட்டது.

சித்தி: மெல்பேர்ணில் இருந்து பார்த்தால் இன்னும் மோசம். எங்கள் சூப்பர் ரக்பி அணி ரெபல்ஸை 2024இல் மூடினார்கள், முதல் தடவையாகக் காலிறுதிக்குப் போன அதே சீசனில். ஜூலையில் பிரித்தானிய, அயர்லாந்துக் கூட்டு அணியான லயன்ஸின் ஆட்டத்துக்கு இங்கே எம்சிஜி மைதானத்தில் 90,307 பேர், நாங்களும் போனோம், 23-5 என்று முன்னால் இருந்து கடைசி நிமிடத்தில் 29-26 தோற்றோம், ஆனால் அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியாது. அவ்வளவு சனம் இருக்கிற ஊரில் ஒரு பிள்ளை தொழில்முறை வீரராக வேண்டுமென்றால் வீட்டை விட்டு வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும். காசு இல்லை என்றார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே இருந்த கோச்மாருக்கு உள்ளூர்ப் பள்ளிகளோடு இருந்த பழக்கம் எல்லாம் அதோடு போய்விட்டதே. அதை யார் திரும்பக் கட்டுவது?

அக்கா: எல்லாரும் வலபீஸைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு இந்த வாரத்துக்குள் ஒரு முடிவு வேண்டும். மகனுக்கு லீக் கழகம் ஒன்றில் இருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஹரோல்ட் மத்தியூஸ் என்ற இளையோர் போட்டிக்கான அணியின் பயிற்சிக்கு வரச் சொல்லி. கோடைக்காலம் முழுக்கப் பயிற்சி, ஜிம், உணவு ஆலோசகர், காயம் பார்க்க ஆள், எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நம்ம ரக்பி கழகத்தில் இருந்து வந்தது பதிவுக் கட்டண விவரம் மட்டும்.

அத்தான்: நான் முதல் நாளே சொன்னேன், லீக்குக்கு அனுப்புவோம். 17 வயதுக்கு ஹரோல்ட் மத்தியூஸ், 19 வயதுக்கு எஸ்ஜி பால், பிறகு மேலே. பாதை கண்ணுக்குத் தெரிகிறது. அவனுக்குப் பிடித்த வலபீஸ் வீரன் சுவாலியும் அப்படித்தானே போனான்?

நான்: சுவாலியின் கதையைத்தான் நான் சொல்ல வந்தேன். பென்ரித்தில் பிறந்த பிள்ளை, நமக்குப் பக்கத்தில் பராமட்டாவில் கிங்ஸ் ஸ்கூலில் யூனியன், அதாவது வலபீஸ் ஆடும் 15 பேர் ரக்பி, ஆடியவன். யூனியன்காரர் கைக்குள் இருந்த பிள்ளையை லீக்குக்கு விட்டார்கள், 17 வயதில் லீக் அணி ரூஸ்டர்ஸுக்கு ஆடத் தொடங்கிவிட்டான். பிறகு பல மில்லியன் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். ஒரு சூப்பர் ரக்பி ஆட்டம்கூட ஆடாமல் இங்கிலாந்தை எதிர்த்து ட்விக்கன்ஹாமில் அவனுடைய முதல் டெஸ்ட், 42-37 வெற்றி, நான் அன்று அழுதுவிட்டேன். அவன் வந்ததில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் அந்தக் காசில் ஒரு சிறு பங்கை இங்கே மேற்கு சிட்னியில் பிளாக்டவுனில் இருந்து லிவர்பூல் வரைக்கும் 15, 16 வயது அணிகளுக்கு நல்ல கோச்மாரைச் சம்பளத்துக்கு வைக்கச் செலவழித்திருந்தால் எத்தனை பிள்ளைகள் போகாமல் நின்றிருப்பார்கள்? சமோவா, தொங்கா, பிஜிக் குடும்பங்கள் இருக்கிற இடம் இது. திறமைக்குப் பஞ்சமே இல்லை.

தம்பி: 2019இல் உலக இளையோர் போட்டியில் ஆடிய நம்ம இருபது வயதுக்குட்பட்ட அணியைப் பாருங்கள், இறுதியாட்டத்தில் பிரான்சிடம் 24-23, ஒரே புள்ளியில் தோற்றார்கள். வலபீஸ் வீரர்கள் ஃபிரேசர் மெக்ரைட், ஹாரி வில்சன், ஆங்கஸ் பெல் எல்லாரும் அந்த அணி. நவாகனிதவாசேயும்தான், அவன் இப்போது லீக்கில். வருகிறவர்கள் நல்லாத்தான் வருகிறார்கள், பிடித்து வைத்திருக்க ஆள் இல்லை.

அக்கா: அது சரி, என் மகனுக்கு என்ன பதில்?

மாமா: நான் போன சீசனில் அவனுடைய கடைசி ஆட்டத்துக்கு வந்தேன் பிள்ளை. கால் நல்ல வேகம், பந்து கையில் ஒட்டுகிறது. ஆனால் டெக்கிள் செய்யும்போது, அதாவது எதிராளியைப் பிடித்து விழுத்தும்போது, தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே பாய்கிறான். எதிரே வருகிறவனின் முழங்கால் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. கண் திறந்து அவனுடைய இடுப்பைப் பார்க்க வேண்டும், தலை அவனுக்குப் பின்பக்கம் போக வேண்டும், கன்னம் அவனோடு ஒட்ட வேண்டும், முன்கால் அவன் காலுக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் தோள். கண்டியில் எங்களுக்கு இதைப் பழைய மாணவர்கள் பின்னேரங்களில் வந்து புல்லில் முழங்காலில் நின்று சொல்லித்தந்தார்கள், முதலில் முழங்காலில், பிறகு நடந்து, பிறகுதான் ஓடி. இவனுக்கு அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லீக்குக்குப் போனாலும் யூனியன் ஆடினாலும் முதலில் இதைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் கழுத்தில் அடிபடும்.

அக்கா: ஐயோ மாமா, இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?

மாமா: அவனிடம் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் வராது, வாரத்துக்கு இரண்டு நாள் யாராவது நின்று பார்க்க வேண்டும்.

மருமகன்: எல்லாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு யூனியன்தான் விருப்பம். ஃபிளாங்கர் இடத்தில் ஆட வேண்டும், மெக்ரைட் மாதிரி ரக்கில், அதாவது விழுந்தவனுக்கு மேல் நின்று தள்ளும் இடத்தில், பந்தைப் பறிக்க வேண்டும், லீக்கில் அந்த வேலையே இல்லை. ஆனால் எங்கள் அணிக்குச் சீசன் நடுவில் கோச் மாறினார், அடுத்த வருடத்துக்கு இன்னும் ஒருவரும் இல்லை. கோச் கிடைக்காவிட்டால் 16 வயது அணியே இருக்காதாம். பாதிப் பேர் லீக்குக்குப் போகப் போகிறார்கள்.

சித்தி: பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். வலபீஸ் கோச்சைப் பற்றிக் காலையில் இருந்து கதைக்கிறோம்.

நான்: அந்த 16 வயது அணிக்கு நான் கோச்சாக இருக்கிறேன். ஸ்மார்ட் ரக்பி என்ற பாதுகாப்புப் பாடத்தை இன்று இரவே இணையத்தில் தொடங்குகிறேன், பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதிக்கும் விண்ணப்பிக்கிறேன். செவ்வாய், வியாழன் வேலை முடிந்து ஆறு மணிக்குள் மைதானத்துக்கு வந்துவிடலாம். ஆனால் தனியாக முடியாது. மாமா, டெக்கிள் உங்கள் பொறுப்பு, நின்று சொன்னால் போதும், விழ வேண்டாம்.

மாமா: வருகிறேன். குளிர் நாளில் மட்டும் கொஞ்சம் பார்த்து.

அத்தான்: ஸ்க்ரம், அதாவது முன்வரிசைக்காரர் கோர்த்துத் தள்ளுவது, யார் சொல்லிக்கொடுப்பது? அதில் பிழை விட்டால் பெரிய ஆபத்து.

நான்: அதற்குத் தெரிந்தவர் வேண்டும், நமக்கு முடியாது. டூ புளூஸ் கழகத்தில் ஆடி ஓய்ந்தவர்கள் இந்தப் பக்கம் இருப்பார்கள், கழகச் செயலாளரிடம் கேட்கிறேன்.

அத்தான்: என்றாலும் மத்தியூஸ் பயிற்சிக்கு ஒருக்கால் போய்ப் பார்க்கட்டும். அந்த லீக் போட்டி வருடத் தொடக்கத்தில்தான், நம்ம ரக்பி குளிர்காலத்தில். ஜிம்மும் உடம்பும் அங்கே கிடைக்கும். ஏப்ரலில் அவனே முடிவெடுக்கட்டும்.

அக்கா: எனக்கு அது சரியாகப் படுகிறது. ஆனால் மாமா பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் அங்கேயும் டெக்கிள் பயிற்சிக்கு இறங்கக் கூடாது, அதை நான் அந்த மின்னஞ்சலுக்குப் பதிலிலேயே எழுதுவேன்.

மருமகன்: ஓகே அம்மா. நீங்கள் கோச்சாகப் போகிற அணிக்கு நான் ஏற்கனவே ஒன்பது பேரைக் கேட்டுவிட்டேன், ஏழு பேர் வருவார்கள்.

நான்: இன்னும் எட்டுப் பேராவது வேண்டும். பெயர்களை எனக்குத் தனியாக அனுப்பு, பெற்றோரோடு நான் கதைக்கிறேன்.