பூவில்லாப் பழம்: சீன மருத்துவத்தில் அத்தி, எங்கள் அனுபவங்கள்

குவாங்சோ மாணவன்

மருத்துவம் படிக்கத் தென் சீனாவின் குவாங்சோவுக்கு வந்து மூன்றாவது ஆண்டு. மழைக்காலம் முடிந்ததும் இந்த ஊரில் காற்று வறண்டுவிடும். போன நவம்பரில் எனக்கு இருமல் பிடித்தது. சளி கிடையாது, தொண்டையில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி ஓர் எரிச்சல். விடுதிக்கு எதிரே சூப் கடை வைத்திருக்கும் அம்மா நான் இருமுவதைக் கேட்டுவிட்டு, நான் சொன்னதை விட்டுவிட்டு வேறொரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். பேரிக்காய்த் துண்டுகள், வெள்ளையாகச் சில பருப்புகள், அடியில் வாய் பிளந்த பழுப்பு நிறப் பழம். கடித்ததும் விதை நறநறத்தது. அட, அத்தி!

'வூ ஹுவா குவோ' என்றார். பூ இல்லாத பழம் என்று பொருள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்கிறோமே, அதே மரத்தின் உறவை இவர்களும் அதே கண்ணால்தான் பார்த்திருக்கிறார்கள். பூக்கள் இல்லாமல் இல்லை. நாம் பழம் என்று சொல்லும் அந்தப் பைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பூத்துவிடுகின்றன.

இது சீன மண்ணில் பிறந்த மரமும் அல்ல. மேற்கிலிருந்து போனது. தாங் வம்சக் காலத்து நூலொன்று பாரசீகத்து மரம் என்றே இதைக் குறிக்கிறது. இன்று சீனாவின் மேற்கு ஓரத்திலுள்ள ஷின்ஜியாங்கின் அர்துஷ் பகுதி அத்திக்குப் பேர்போனது. அங்குள்ள உய்குர் மக்கள் 'அஞ்சூர்' என்பார்கள். நம் கடைகளில் 'அஞ்சீர்' என்று விற்கிறார்களே, அந்தச் சொல்தான்.

எங்களுக்குச் சீன மருத்துவம் பற்றியும் ஒரு பாடம் உண்டு. அதில்தான் விளக்கம் கிடைத்தது. அத்தி இனிப்புச் சுவை, நுரையீரல், வயிறு, பெருங்குடல் மூன்றுக்கும் போய்ச் சேரும் என்பது அவர்கள் கணக்கு. லி ஷிழென் என்ற மருத்துவர் 1578-இல் முடித்த 'பென்சாவ் காங்மு' என்னும் பெரிய மருந்து நூலில் பசியைத் தூண்டும், வயிற்றுப்போக்கை நிறுத்தும், மூலத்துக்கும் தொண்டை வலிக்கும் ஆகும் என்று இருக்கிறது. தொண்டைக்கும் மூலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் விழித்தேன். சீன மருத்துவத்தில் நுரையீரலும் பெருங்குடலும் ஜோடி உறுப்புகள். மேலே வறண்டால் கீழேயும் வறளும். அதனால் வறட்டு இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் ஒரே பழம். இந்தக் கோணத்தில் யோசித்த பிறகுதான் அந்தக் கிண்ணம் எனக்குப் புரிந்தது.

நான்கு நாள் குடித்தேன். எரிச்சல் குறைந்தது. சூப்பாலா, தானாகவா, தெரியாது. தொண்டைக்கு அவ்வளவு இதமாக இருந்தது மட்டும் நிச்சயம். உங்களில் யாராவது அத்தியை இப்படிச் சாப்பிட்டிருக்கிறீர்களா?

ஈப்போ அம்மா

ஐயோ தம்பி, எங்கள் ஊரில் இது வீட்டுக்கு வீடு உண்டு. மலேசியாவில் எங்கள் ஈப்போ சீனர்கள் கண்டோனீஸ் பேசுபவர்கள், 'மோ ஃபா குவோ' என்பார்கள். எனக்கு மூத்தவன் பிறந்தபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி பால் சுரக்கட்டும் என்று பன்றிக்கால், நிலக்கடலை, அத்தி போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். என் அம்மா ஒரு பக்கம் பால்சுறாப் புட்டும் பூண்டும். இரண்டையும் சாப்பிட்டேன். பால் வந்தது எதனாலென்று கேட்டால், பிள்ளை ஓயாமல் குடித்ததால்தான் என்பேன். ஆனால் அந்த ஆன்ட்டி வாசலில் சட்டியோடு நின்றதை மறக்கவே முடியாது.

இருமலுக்கு நான் வைக்கும் சூப்பில் கறி வேண்டாம். காய்ந்த அத்தி ஆறு, பேரிக்காய் இரண்டு, ஒரு கைப்பிடி இனிப்பு வாதுமை (சீனக் கடையில் 'தென் வாதுமை' என்று கேளுங்கள், பாதாமி விதைப் பருப்புதான்), இரண்டு லிட்டர் தண்ணீர். கொதித்ததும் தீயைக் குறைத்து ஒன்றரை மணி நேரம். சர்க்கரை போடவே கூடாது, அத்தியே போதும்.

சிங்கப்பூர் தாதி

அக்கா சொன்ன வாதுமையில் ஒரு விஷயம். கசப்பு வகையும் உண்டு, 'வட வாதுமை' என்பார்கள். அதில் உடலுக்குள் போனால் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் அளந்து கொடுப்பதைத் தவிர நாமாக அள்ளிப் போடக்கூடாது. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

என் அப்பாவுக்கு மலச்சிக்கல். சீன மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நாடி பிடித்தார், மலம் எப்படி இருக்கிறது என்று விடாமல் கேட்டார். பழைய நூல் வயிற்றுப்போக்கை நிறுத்தும் என்றாலும், இளகிப் போகிறவர்களுக்கு இது சரிவராது என்று சொல்லித்தான் அத்தி எழுதினார். பலன் கிடைத்தது. 100 கிராம் காய்ந்த அத்தியில் சுமார் 10 கிராம் நார்ச்சத்து, ஆச்சரியமில்லை. தென் கொரியாவில் மலச்சிக்கல் உள்ள 80 பேரை வைத்து நடத்திய சோதனையிலும் 8 வாரம் அத்தி விழுது சாப்பிட்டவர்களுக்குக் குடலில் மலம் நகரும் நேரம் குறைந்தது. ஆனால் அதே 100 கிராமில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. அப்பாவுக்கு நீரிழிவு. நல்லதுதானே என்று அவர் நாளுக்கு எட்டு, பத்து தின்றிருக்கிறார், சர்க்கரை எகிறிவிட்டது. இப்போது இரண்டுதான், அதுவும் ஊறவைத்து.

ஜோகூர்

மாடியில் தொட்டியில் நான்கு அத்தி வளர்க்கிறேன். இங்கே 'பூவா தின்' (மலாயில் அத்தி) வளர்ப்பு ஒரு பைத்தியமாகவே பரவியிருக்கிறது. இலையைக் கொதிக்கவைத்து மூலத்துக்கு ஆவி பிடித்துக் கழுவலாம் என்பது பழைய சீன முறை. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை இலைகளை வெட்டினேன். பால் கையில் வழிந்தது, துடைத்துவிட்டு வெயிலிலேயே வேலை பார்த்தேன். மறுநாள் முன்கை முழுக்கச் சிவந்து, பிறகு நீர்க்கொப்புளம். தோல் மருத்துவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். இலையிலும் பாலிலும் சோராலன் என்ற பொருள், வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். கருந்தழும்பு மறைய மாதக்கணக்கானது. மருவுக்குப் பால் தடவுகிறவர்களும் கவனம். பழுத்த பழத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

குவாங்சோ மாணவன்

கையுறை போடுங்கள் அண்ணா, அந்த வேலையை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிச்செய்தியில் ஒருவர் ஊரில் கிடைக்கும் நாட்டு அத்தியைப் போடலாமா என்று கேட்டார். அது வேறு மரம். நம் சித்த மருத்துவத்தில் அதன் பட்டை துவர்ப்புக்காகவும் வயிற்றுப்போக்கைக் கட்டவும் பயன்படுகிறது. சீனர்கள் சூப்பில் போடுவது சீமை அத்தி. இந்தக் குறிப்புகளை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மோந்து பாருங்கள். மத்தாப்பு மாதிரி நெடி அடித்தால் கந்தகப் புகை போட்டது. சூப் கடை அம்மா தான் வாங்கும் பொட்டலத்தைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். தேன் வாசனை, வேறொன்றுமில்லை.