பாதித் தேங்காயில இராச்சாப்பாடு: அளவுகளும் பிழை வாற இடங்களும்

நீத்துப்பெட்டி:

ஆறரைக்கு வேலையால வந்து ஏழேகாலுக்குத் தட்டில போட்டுச் சாப்பிடக்கூடிய சமையல்தான் பேச்சு. கடைக் கொத்தும் பாணும் வேண்டாம். எழுதிற ஆக்கள் அளவையும், எந்த இடத்தில பிழைக்கும் எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ. "தேவையான அளவு தண்ணி" எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் உதவாது.

முதலில பிட்டு. பிட்டுக்கு நேரம் போறது அவிக்கிறதில இல்லை, மாவில. அதை ஞாயிற்றுக்கிழமையே முடிச்சு வைக்கவேணும். ஒரு கிலோ கோதுமை மாவை வெள்ளைத் துணியில தளர்வாக் கட்டி முக்கால் மணித்தியாலம் ஆவியில வைக்கிறது. இறுக்கிக் கட்டினால் நடுவுக்கு ஆவி போகாது, வெளியில அவிஞ்சிருக்கும், உள்ளுக்குப் பச்சை மா அப்படியே கிடக்கும். இறக்கின உடன, சூட்டோட கட்டியை உடைச்சு அரிக்கவேணும். ஆறவிட்டால் கல்லு மாதிரி இறுகி, பாதி மா அரிதட்டிலயே தங்கிப்போகும். அரிச்சதைப் பேப்பரில பரவி, நல்லா ஆறினபிறகுதான் ரின்னில போடுறது. சூட்டோட மூடினால் மூடி வேர்த்து ரெண்டு மூண்டு நாளில பூஞ்சணம் பிடிக்கும்.

மூண்டு பேருக்கு (சுண்டு எண்டால் வீட்டில அரிசி அளக்கிற பேணி): ஒரு சுண்டு வறுத்த சிவப்பரிசி மா, அரைச் சுண்டு அவிச்ச கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, முக்காற் சுண்டுக்குக் கிட்ட நல்லாக் கொதிச்ச தண்ணி. தண்ணியை ஒரேயடியா ஊத்தாமல், அகப்பைக் காம்பால கிளறிக் கிளறி விடுங்கோ. மாவுக்கு மா குடிக்கிற தண்ணி மாறும், அதால கடைசி ரெண்டு மூண்டு மேசைக்கரண்டியைப் பார்த்துத்தான் விடுறது. கையில பிடிச்சால் பிடிபடவேணும், பெருவிரலால தட்டினால் உதிரவேணும். பிறகு பேணி விளிம்பால கொத்திக் குருணியாக்கி, ஒரு பிடி தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில, அதுதான் பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியில, அள்ளிப் போடுங்கோ. அமத்தக்கூடாது, அமத்தினால் ஆவி ஏறாது. ஆவி மேலால வரத் தொடங்கினதில இருந்து பத்து நிமிசம்.

தண்ணி கூடிப் பிசுபிசுத்தால் அவிச்ச கோதுமை மாவைத் தூவிக் கொத்தினால் சரிவரும். தண்ணி குறைஞ்சு அவிச்ச பிட்டுக்கு மருந்தில்லை, தொண்டையில நிக்கும். தேங்காய்ப்பால் சொதியை ஊத்திக் குழைச்சுச் சாப்பிடவேண்டியதுதான்.

குரக்கன் பிட்டுக்குப் பாதி குரக்கன் மா, பாதி அரிசி மா. இதுக்குக் கொதிதண்ணி ஆகாது, களியாப்போகும். பச்சைத்தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு விரல் நுனியால உதிர்க்கவேணும். 100 கிராம் குரக்கனில 300 மில்லிகிராமுக்கு மேல கல்சியம் இருக்கு. வெள்ளை அரிசியில அது பத்து மில்லிகிராம் அளவுதான்.

சொல்ல மறந்திட்டன்: பிட்டுப் பானையில கொதிக்கிற தண்ணிக்குள்ளயே கழுவின முட்டை மூண்டைப் போட்டுவிடுங்கோ. பிட்டு இறக்கேக்க முட்டையும் அவிஞ்சிருக்கும். காஸ் ஒண்டு, சாமான் ரெண்டு.

மருதனார்மடம்:

அக்கா பிட்டை எழுதிப்போட்டா, நான் கீரைக்கு வாறன்.

முருங்கையிலை மலிவு, கனபேருக்கு வளவுக்குள்ளயே நிக்குது. பிறகு ஏன் சமைக்கிறேல்லை? உருவப் பஞ்சி. அதுக்கு ஒரு வழி: இரவில கொப்போட ஒரு துணியில இறுக்கிச் சுத்தி வைச்சிடுங்கோ. காலமை பிரிச்சு உதறினால் முக்கால்வாசி இலை தானா உதிரும். சின்னக் காம்பு கிடந்தால் பறவாயில்லை, ஈர்க்குத் தடிப்பில கிடக்கிறதை மட்டும் எடுங்கோ. அதுதான் வாயில குத்தும்.

வறை: ரெண்டு பெரிய பிடி இலை, கழுவி வடியவிட்டு ஈரம் போனபிறகு பொடியா அரிஞ்சது. ஈரத்தோட தாச்சியில போட்டால் வறை வராது, அவியலாகித் திரளும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கால் தேக்கரண்டி கடுகு, ஒரு செத்தல் மிளகாய், அஞ்சாறு சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கின உடன இலை, ஒரு சிட்டிகை மஞ்சள். மூடாமல், நடுத்தர நெருப்பில நாலைஞ்சு நிமிசம் பிரட்டுங்கோ. மூடினால் பச்சை நிறம் செத்து மண்ணிறமாகும். பிறகு தேங்காய்ப்பூவும் உப்பும், இன்னும் ஒரு நிமிசம். உப்பைக் கடைசியில போடுறதுக்குக் காரணம் இருக்கு: இலை சுருங்கிக் கால்வாசியாகும். பச்சையா இருக்கேக்க கண்ணளவில போட்ட உப்பு வறையில கரிக்கும்.

இறக்கினபிறகு அரைத் தேசிக்காய்ப் புளி. கீரையில இருக்கிற இரும்புச்சத்து உடம்பில லேசாச் சேராது, தேசிக்காயில இருக்கிற விற்றமின் சி அதைச் சேரவைக்கும். சாப்பிட்ட கையோட பிளேன்ரீ குடிக்கிறது அதுக்கு நேர்மாறு, தேத்தண்ணிச் சாயம் இரும்பைப் பிடிச்சு வைச்சிடும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கோ.

பொன்னாங்காணி, முளைக்கீரை எதுக்கும் இதே முறைதான். வல்லாரை மட்டும் அடுப்புக்குப் போகக்கூடாது. பொடியா அரிஞ்சு வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, தேசிப்புளி விட்டுப் பச்சைச் சம்பல். சாப்பிடப்போற நேரம்தான் பிரட்டவேணும், அரைமணித்தியாலம் இருந்தால் கறுத்துத் தண்ணி விடும்.

பருப்புச்சட்டி:

பருப்புக்கு அரைச் சுண்டு மைசூர்ப் பருப்பு, ரெண்டு சுண்டு தண்ணி, நாலு பல்லு உள்ளி, ஒரு பச்சைமிளகாய், மஞ்சள். மூடியைச் சாய்வா வைக்கவேணும், முழுக்க மூடினால் நுரை பொங்கி அடுப்பை அணைச்சிடும். பதினைஞ்சு நிமிசத்தில மசியும். உப்பை முதல் போட்டால் அவியாது எண்டு சொல்லுவினம். மைசூர்ப் பருப்பில அது பெரிய வித்தியாசம் காட்டாது. அவியவிடாமல் வைக்கிறது புளிதான். தக்காளி, மாங்காய், பழப்புளி எதையும் பருப்பு மசிஞ்சபிறகுதான் போடவேணும். வைகாசி, ஆனியில மாங்காய் மலிவு. அரை மாங்காயைச் சீவிக் கடைசி அஞ்சு நிமிசத்தில போட்டால் வேற புளி தேவையில்லை.

சொதிதான் கனபேருக்குப் பிழைக்கிறது, அதால கொஞ்சம் விரிவா எழுதிறன். பாதித் தேங்காயைத் திருவி, பிட்டுக்கு ஒரு பிடி எடுத்து வைச்சிட்டு மிச்சத்தைப் பிழிய வேணும். முதற்பால் அரைச் சுண்டு தனிய. திரும்பத் தண்ணி விட்டுப் பிழியிற கப்பிப்பால் ஒரு சுண்டு. இளஞ்சூட்டுத் தண்ணியில பிழிஞ்சால் பால் நல்லா இறங்கும். சக்கையை எறியாதேங்கோ, வறைக்குத் தேங்காய்ப்பூவுக்குப் பதிலா அதைப் போடலாம். ருசி கொஞ்சம் குறையும், வெறும் வாயில திண்டால்தான் தெரியும்.

கப்பிப்பாலில பத்துச் சின்ன வெங்காயம், ரெண்டு பச்சைமிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், கருவேப்பிலை, உப்பு. இது எவ்வளவு கொதிச்சாலும் பறவாயில்லை, வெங்காயம் அவியுமட்டும் கொதிக்கட்டும். பிறகு நெருப்பைக் குறைச்சு முதற்பாலை விட்டு, அகப்பையால அள்ளி அள்ளி ஆத்திக்கொண்டு நில்லுங்கோ. ஓரத்தில சின்னக் குமிழ் கட்டும், சொதி மெல்ல மேல எழும்பப் பார்க்கும். அந்த நேரம் இறக்கிறது. கொதிச்சுப் புரண்டால் பால் திரைஞ்சு எண்ணெய் தனிய மிதக்கும். தேசிப்புளி அடுப்பில நிக்கேக்க விடவே கூடாது. இறக்கி, சூடு கொஞ்சம் தணிஞ்சபிறகு, ஒரு கையால ஆத்திக்கொண்டு மற்றக் கையால சொட்டுச் சொட்டா. திரைஞ்ச சொதி திரும்பி வராது. சாப்பிடலாம், பழுதில்லை, பார்க்கத்தான் வடிவில்லை.

வெந்தயம் கூடினாலும் கைக்கும். அரைத் தேக்கரண்டி போட்ட சொதியைப் பிள்ளையள் தொடாது.

கரையோரம்:

மீன் எண்டால் செலவு எண்டு நினைக்கிறது பாரையும் அறக்குளாவும் மட்டுந்தான் மீன் எண்டு நினைக்கிற ஆக்கள். சூடை, நெத்தலி, கீரி இதுகள் மலிவு. சின்னச் சூடையை முள்ளோட திண்டால் கல்சியமும் சேரும்.

அரைக் கிலோ சூடை: செதிள் சுரண்டி, தலையை நுள்ளி இழுக்கேக்க குடலும் சேர்ந்து வரும். உள்ளுக்குப் பித்தம் மிஞ்சினால் கறி முழுக்கக் கைக்கும், அதால வயித்தை விரலால ஒருக்கா வழிச்சுக் கழுவவேணும். சின்னத் தேசிக்காய் அளவு பழப்புளியை ஒரு சுண்டு தண்ணியில கரைச்சு மண்சட்டியில விட்டு, அதுக்குள்ள ஒண்டரை மேசைக்கரண்டி கறித்தூள், கால் தேக்கரண்டி வெந்தயம், ஆறு பல்லு உள்ளி, வெங்காயம், கருவேப்பிலை, உப்பு. யாழ்ப்பாணத்துத் தூள் ஏற்கெனவே வறுத்து இடிச்சது. அதை எண்ணெயில போட்டு வதக்கத் தேவையில்லை, போட்டால் கருகிக் கைக்கும். குழம்பு அஞ்சு நிமிசம் கொதிச்சுத் தடிச்சபிறகு மீனைப் போட்டு ஏழு எட்டு நிமிசம். மீன் போட்டபிறகு அகப்பை வைக்காதேங்கோ. சட்டியின்ர ரெண்டு பக்கத்தையும் துணியால பிடிச்சு ஒரு சுழட்டு. அகப்பை பட்டால் சூடை முள்ளு வேற தசை வேறயாப் பிரிஞ்சு, கறி முழுக்க முள்ளாகிடும்.

தேங்காய்ப்பால் இதுக்கு வேண்டாம். புளிக்கறியாகவே நிண்டால் அடுத்த நாள் சூடாக்கியும் சாப்பிடலாம். பாலும் புளியும் சேர்ந்த கறி எங்கட வெக்கையில இரவோட பழுதாகும்.

ஒண்டு கவனம். சூரை, கும்பளா, சூடை மாதிரி மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில வைச்சிருந்தால் ஹிஸ்டமின் எண்ட சாமான் உண்டாகும். சமைச்சாலும் அது அழியாது. திண்டு கொஞ்ச நேரத்தில முகம் சிவந்து, தலையிடிச்சு, உடம்பு கடிக்கும். வாயில வைக்கேக்கயே நாக்குச் சுணைச்சால் துப்பிவிடுங்கோ. யாழ்ப்பாணத்துப் பாசையூர், குருநகர்ப் பக்கம் காலமை மீன் வாங்கி வேலைக்குப் போற வழியில கொண்டு திரியிற ஆக்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். வாங்கினால் வீட்டை கொண்டுபோய்க் கழுவி வைச்சிட்டுப் போங்கோ.

கார்த்திகை, மார்கழியில கடல் கொந்தளிச்சு மீன் விலை ஏறேக்க நெத்தலிக் கருவாடு. இளஞ்சூட்டுத் தண்ணியில பத்து நிமிசம் ஊறவிட்டுப் பிழிஞ்சபிறகு சமையுங்கோ, கறிக்கு உப்பைக் கடைசியில பார்த்துப் போடுங்கோ.

ஒருதட்டு:

பிட்டு, சொதி, வறை, பருப்பு, மீன் எண்டு அஞ்சு சட்டி கழுவ நேரமில்லாத ஆக்களுக்கு ஒடியல் பிட்டு. ஒடியல் எண்டது காயவைச்ச பனங்கிழங்கு. எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள அவியும். ஒரு சுண்டு ஒடியல் மாவை நிறையத் தண்ணியில அரைமணித்தியாலம் ஊறவிட்டு, மேல்தண்ணியை ஊத்திப்போட்டுத் துணியில போட்டு இறுக்கிப் பிழியவேணும். இந்த வேலையைச் சுருக்கினால் கயர் தொண்டையைப் பிடிக்கும். பிழிஞ்ச கட்டியை உதிர்த்து, முருங்கையிலை ஒரு பிடி, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, முள்ளெடுத்த மீனோ சின்ன றாலோ கலந்து இருபது நிமிசம் ஆவியில. மேலதிகமாத் தண்ணி தெளிக்காதேங்கோ, பிழிஞ்ச ஈரமே காணும். றால் போட்டால் குடலை எடுத்துப்போட்டுப் போடுங்கோ, இல்லாட்டி பல்லில மண் நெரிபடும்.

நீத்துப்பெட்டி அக்காவுக்கு: பானைத் தண்ணிக்குள்ள முட்டை சரி. ஆனால் மரவள்ளியை அப்பிடிப் போட்டு அவிக்கக்கூடாது. மரவள்ளியில சயனைட் உண்டாக்கிற பொருள் இருக்கு. தோலை ரெண்டும் உரிச்சு, நிறையத் தண்ணியில, மூடி திறந்து அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்தவேணும்.

நீத்துப்பெட்டி:

சரி தம்பி, அதைக் கட்டாயம் சொல்லத்தான் வேணும். மேல பிட்டு வைச்சால் மூடி திறந்து அவிக்கவும் ஏலாது.

பிட்டு, வறை, பருப்பு, சொதி எண்டு மூண்டு பேர் எழுதினதையும் ரெண்டு அடுப்பில ஒழுங்குபடுத்தினால் இப்பிடி வரும். வந்த உடன ஒரு அடுப்பில பருப்பு, மற்றதில பிட்டுப் பானைத் தண்ணி. தண்ணி கொதிக்கிறதுக்குள்ள தேங்காய் திருவி வெங்காயம் உரிச்சு முடியும். பானைத் தண்ணியிலயே முக்காற் சுண்டு எடுத்துப் பிட்டுக்குக் குழைச்சுக் கொத்தி ஏத்திறது. பிட்டு அவியிற பத்து நிமிசத்தில பால் பிழியலாம். பருப்பு இறங்கின அடுப்பில வறை, பிட்டு இறங்கின அடுப்பில சொதி. சொதி கடைசிதான், முதல் வைச்சிட்டுத் திரும்பச் சூடாக்கப்போனால் திரையும்.

மருதனார்மடம்:

கொண்டைக்கடலையை விட்டிட்டியள். காலமை ஊறப்போட்டால் பின்னேரம் பிறசர் குக்கரில இருபது நிமிசம். அவசரத்துக்கு அப்பச்சோடா போடுற பழக்கம் வேண்டாம், பி விற்றமின் கெட்டுப்போகும், தோலும் வழுவழுக்கும். பத்து மணித்தியாலம் ஊறியும் அவியாமல் கல்லாக் கிடந்தால் அது கன நாள் கிடந்த கடலை, கடையை மாத்துங்கோ. பயறு அதைவிடச் சுகம். ஊறவிட்டுத் துணியில கட்டி ஒரு இரவு வைச்சால் முளைச்சிருக்கும், பத்து நிமிசத்தில அவியும்.

பருப்புச்சட்டி:

மிஞ்சின சோத்தைப் பற்றியும் ஒரு சொல்லு. பானையோட விடியவிட்டால் சூடு உள்ளுக்கு நிண்டு பழுதாகும், அதில வாற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தட்டில பரவி ஆறவிட்டு பிறிட்ஜில வையுங்கோ. பழஞ்சோறெண்டால் ஆறினபிறகு சோறு மூழ்கத் தண்ணி விட்டு வைச்சு, காலமை மோர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. மணம் மாறி நூல் விட்டால் மாட்டுக்கு.

கரையோரம்:

சம்பல் பிளெண்டரில அடிச்சால் ஏன் எண்ணெய் கக்குது எண்டு கேக்கிற ஆக்களுக்கு: தொடர்ந்து ஓட விடுறதால. செத்தல் மிளகாயும் உப்பும் முதல் தனியப் பொடியாகட்டும். பிறகு தேங்காய்ப்பூவைப் போட்டு விட்டு விட்டு நாலு தரம், ஒவ்வொண்டும் ரெண்டு மூண்டு செக்கன். வெங்காயத்தைக் கத்தியால அரிஞ்சு கையால பிரட்டுங்கோ. பிளெண்டரில வெங்காயம் கைக்கும்.