புதுத் தொட்டி: லைட் போட்டதும் நியான் மீனெல்லாம் ஒளிஞ்சுக்குது. வெளிச்சமா, தண்ணியா?

காட்பாடி_ரெண்டடி:
24×12×12 இன்ச் தொட்டி. மேலே 20 வாட் எல்.இ.டி, உள்ளே புது ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில் வெள்ளை மார்பிள் சில்லு, செடி எதுவும் இல்லை. போன வாரம் 8 நியான் டெட்ராவும் 4 கோரியும் (அடியில் மேயுற மீசை மீன்) விட்டேன். காலையில் லைட் போட்ட உடனே நியான் சிதறி ஓடி கண்ணாடியில் முட்டுது, அப்புறம் பகல் முழுக்க ஃபில்டருக்குப் பின்னாடியேதான். லைட்டை அணைச்சா கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து இரை எடுக்குது. விடியக்காலையில் பார்த்தா நீலக்கோடே இல்லாம வெளுத்துக் கிடக்கு. வியாதியா? ராத்திரி நீல லைட் எரிய விடலாமா?

பாகாயம்_பாசி:
வெளுக்கிறது வியாதி இல்லை. நியான் இருட்டில் நிறத்தைக் குறைச்சுக்கும், வெளிச்சம் வந்த பிறகு கோடு தானா திரும்பும். பகல்லயும் வெளுப்பாவே இருந்தாதான் யோசிக்கணும்.

சிதறி ஓடுறதுக்குக் காரணம் கண். நம்ம தொட்டி மீன்களுக்கு இமை கிடையாது, பாவையும் நம்மளது மாதிரி சுருங்காது. விழித்திரைக்குள்ள நிறமி இடம் மாறித்தான் வெளிச்சத்துக்குப் பழகும். அதுக்கு அரைமணி, சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். கும்மிருட்டில் திடீர்னு 20 வாட் அடிச்சா மிரளாம என்ன செய்யும்? முதல்ல ஜன்னலைத் திறங்க, இல்லைன்னா ரூம் டியூப்லைட்டைப் போடுங்க. அரைமணி கழிச்சுத் தொட்டி லைட். ராத்திரி தலைகீழா: தொட்டி லைட்டை முதல்ல அணைச்சுட்டு, ரூம் லைட் கடைசி.

வெளிச்சமும் ரொம்ப அதிகம். உங்க தொட்டி சுமார் 55 லிட்டர், 20 வாட் எல்.இ.டி கிட்டத்தட்ட 2000 லூமென் (வெளிச்ச அளவு) தரும். செடி இல்லாத தொட்டிக்கு 600, 700 லூமென் போதும், அதாவது 6 அல்லது 7 வாட். நீல லைட் ராத்திரி வேண்டவே வேண்டாம், மீனுக்கு முழு இருட்டு வேணும்.

சத்துவாச்சாரி_ஸ்பாஞ்ச்:
எல்லாத்தையும் லைட் தலையில கட்டாதீங்க. ஒரு நாள் முழுக்க தொட்டி லைட்டே போடாம பாருங்க. சாதாரணமா நீந்தினா பிரச்சினை வெளிச்சம்தான். அப்பவும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினா, செவுள் சிவந்திருந்தா, தண்ணியைப் பாருங்க.

மீன் கழிவிலிருந்து வர்ற அம்மோனியாவைச் சிதைக்கிற பாக்டீரியா புது ஸ்பாஞ்சில் வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா ஏறும். நம்ம பக்கம் நிறைய போர் தண்ணி கடினம், பி.எச் (அமில-கார அளவு) 8-ஐத் தொடும். அங்கேதான் ஆபத்து: 30 டிகிரியில் பி.எச் 7-ல் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் கீழேதான் விஷ வடிவத்தில் இருக்கும், பி.எச் 8-ல் 7 சதவீதத்துக்கு மேல போயிடும். அதே டெஸ்ட் ரீடிங், ஆனா விஷம் ஒன்பது மடங்கு. சித்திரை வெயில்ல ஆக்சிஜனும் குறையும். இரை ஒரு வேளை, ரெண்டு நிமிஷத்தில் தீர்ற அளவு. தினம் 10 லிட்டர் மாத்துங்க, குழாய்த் தண்ணின்னா குளோரின் நீக்கி ஊத்துங்க. தெரிஞ்சவங்க ஓடுற தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சைப் பிழிஞ்ச அழுக்குத் தண்ணி ஒரு மக் கிடைச்சா தங்கம்.

காட்பாடி_ரெண்டடி:
மேலே வந்து மூச்சு வாங்கலை, அம்மோனியா 0.25 காட்டுது. அப்ப லைட்தான் போல. புது லைட் வாங்காம குறைக்க வழி இருக்கா? டைமர் எதை வாங்கலாம்?

ஆற்காடு_ஆகாயத்தாமரை:
0.25-ஐயும் சும்மா விடாதீங்க, ஸ்பாஞ்ச் சார் சொன்ன தண்ணி மாத்துறதைத் தொடருங்க.

லைட்டை 20 செ.மீ. உயர்த்திக் கட்டுங்க. 12 வோல்ட் ஸ்ட்ரிப்னா டிம்மர் போடலாம். நேரா 230 வோல்ட்டில் ஓடுறதுக்கு, டிம்மர் ஏத்துக்கும்னு பெட்டியில் போட்டிருந்தா மட்டும். இல்லைன்னா மினுக்கும், லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் சர்க்யூட் போயிடும்.

தண்ணிப் பரப்பில் மூணில் ஒரு பங்கு ஆகாயத்தாமரை விட்டா நிழலும் கிடைக்கும், அம்மோனியாவையும் கொஞ்சம் இழுக்கும். ஏரியிலிருந்து எடுத்தா வேரை நல்லா அலசி, இளஞ்சிவப்பா கரைச்ச பெர்மாங்கனேட்டில் பத்து நிமிஷம் போட்டு, நல்ல தண்ணியில் கழுவுங்க. தட்டான் புழு ஒண்ணு உள்ள வந்தா நியானையே பிடிச்சுத் தின்னும்.

மார்பிள் சில்லைத்தான் முதல்ல எடுக்கணும். வெளிச்சத்தைக் கீழேயிருந்தும் திருப்பி அடிக்குது. கோரிக்கு மீசை தேயாம இருக்க கருப்பு நைஸ் மணல் ஒரு இன்ச் போதும். பின்பக்கமும் ரெண்டு ஓரமும் கருப்பு சார்ட் ஒட்டுங்க. இருட்டு ரூம்ல லைட் எரிஞ்சா மீன் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்தும் மேலும் கீழும் உரசிக்கிட்டே இருக்கும்.

டைமர்: முள் சுத்துற மெக்கானிக்கல் வேண்டாம். கரண்ட் போனா அதுவும் நின்னுடும். தினம் ரெண்டு மணி நேரம் பவர்கட்னா லைட் ரெண்டு மணி தள்ளித்தான் அணையும், நாலு நாள்ல நடுராத்திரியில் எரியும். உள்ளே பேட்டரி இருக்கிற டிஜிட்டல் வாங்குங்க. முதல் மாசம் 6 மணி நேரம், சாயங்காலம் 4 முதல் 10 வரை வச்சா நீங்களும் பார்க்கலாம். பழுப்புப் பாசி படியும், புதுத் தொட்டியில் அது வழக்கம்தான், துடைச்சு விடுங்க. பச்சைப் பாசி வந்தா ஒரு மணி நேரம் குறைங்க.